ரசமட்டம் வாங்காத கடன்

கட்டட வேலை நடக்கிற இடங்களில் அவளுக்கு ரசமட்டம் என்று பெயர். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயர் ஒரு மனுஷிக்கு எப்படி ஒட்டிக்கொண்டது என்றால், அவள் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு "அந்த மூலை ஒரு நூல் ஏறியிருக்கு" என்பாள். கருவியை வைத்துப் பார்த்தால் அந்த மூலை ஒரு நூல் ஏறித்தான் இருக்கும். பெயர் நீளமாக இருக்கிறது என்று பாதிப் பேர் அதை மட்டம் என்று சுருக்கிவிட்டார்கள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட வேலைக்கு மட்டம் போடாதவளுக்கு இப்படி ஒரு பெயரா என்று எலக்ட்ரீஷியன் வாரத்துக்கு ஒரு தடவையாவது கிண்டல் செய்வார்.

பத்தொன்பது வயதில் கலவை சுமக்க வந்தவள். டைல்ஸ் பதிக்கிறவருக்குப் பின்னால் நின்று சட்டியைக் கொடுத்து வாங்கிக்கொண்டே அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர் வரவில்லை. வீட்டுக்காரர் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். கலவையோ குழைத்தாகிவிட்டது, விட்டால் இறுகிவிடும். யாரையும் கேட்காமல் குளியலறைத் தரையை அவளே பதித்தாள். மறுநாள் வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். ஒரு சொட்டு நிற்காமல் அத்தனையும் தண்ணீர் வடிகிற ஜாலியைப் பார்த்து ஓடியது. மத்தியானம் வந்து சேர்ந்த டைல்ஸ்காரர் தரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அடுத்த வாரம் அவளுக்கென்று கலவை பரப்புகிற கரணை ஒன்று வாங்கி வந்தார். இன்று அவள் கைக்குக் கீழே நான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

இந்தக் கதை நடந்தபோது எட்டு மாடி அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ஆறாவது மாடியை முடித்திருந்தாள். இப்போதெல்லாம் டைல்ஸ் ஆள் உயரத்துக்கு வருகிறது. கையால் அறுத்தால் பத்துக்கு இரண்டு உடைகிறது. தண்ணீர் ஊற்றி அறுக்கிற பெரிய மெஷின் ஒன்றைத் தவணையில் எடுத்துவிடலாம் என்று கடைக்குப் போனாள். கடைக்காரர் அவளுடைய அடையாள அட்டையை வாங்கி எண்ணைத் தட்டினார். தட்டிய கை நின்றது.

"அக்கா, உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு கடன் இருக்கே. ஒன்றரை லட்சம். மூணு மாசமா கட்டல போல."

"வேற யாரோடதையோ பாக்கறீங்க. நல்லாப் பாருங்க."

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, அட்டை எண், எல்லாம் அட்சரம் பிசகாமல் இருந்தது. கைப்பேசி எண் மட்டும் அவளுடையது இல்லை. கடைக்காரர் தெரிந்தவர்தான், நல்லவர்தான். ஆனால் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

வீட்டில் சொன்னபோது கணவர் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்துவிட்டார். பேருந்துப் பட்டறையில் மெக்கானிக், பயந்த சுபாவம். "வீட்டு வாசல்ல வந்து நின்னு கத்துவாங்களேம்மா. மெஷினுக்கு வச்சிருக்கிறதைப் போட்டுக் கட்டித் தொலைச்சிடலாமா? மானமாவது மிஞ்சும்."

"கட்டினா நான்தான் வாங்கினேன்னு ஆயிடுங்க. வாங்காத கடனுக்கு ஒத்த ரூபா கட்ட மாட்டேன்."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் அப்போதுதான் வாயைத் திறந்தாள். கணவரின் தங்கை, பத்திரப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அண்ணிக்கும் அவளுக்கும் பதினொரு வருஷமாக சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. உப்பு இருக்கா, இருக்கு என்கிற அளவுக்குத்தான் பேச்சு.

"அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தம்பிக்கு ஏதாவது வாங்கிக் குடுத்தீங்களா?"

ரசமட்டத்துக்குக் காது வரைக்கும் சூடேறியது. இருந்தாலும் குரலை உயர்த்தவில்லை. "இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல, செஞ்ச எதையாவது நான் செய்யலேன்னு சொல்லிப் பாத்திருக்கியா?"

நாத்தனார் மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு நிஜமாகவே யோசித்தாள். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டுதான் யோசித்தாள். "இல்ல," என்றாள். பிறகு எழுந்து போய் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "சொல்லுங்க. மொதல்லேருந்து சொல்லுங்க. தேதியோட சொல்லுங்க."

அன்று சாயங்காலம் மூன்று மனுக்கள் தயாராயின. கடன் கொடுத்த கம்பெனிக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று, ஊரில் யார் யார் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார்கள் என்று பதிவு வைத்திருக்கிற நிறுவனத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு பிரதி.

"எந்த ஜன்னல்லயும் வாயால சொல்லிட்டு வந்துடாதீங்க அண்ணி. வாயால சொன்னதை நாளைக்கே சொல்லலேம்பாங்க. ஒண்ணைக் குடுங்க, இன்னொண்ணுல சீல், தேதி, கையெழுத்து மூணும் வாங்குங்க. மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் நகராதீங்க."

மறுநாள் காலையில் வேலைக்கு வர முடியாது என்று போன் செய்தாள். எட்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி எலக்ட்ரீஷியன் கூவியது போனிலேயே கேட்டது: "மட்டம் மட்டம் போட்டாச்சு டோய்!"

கடன் கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. குளிர்சாதனம் ஓடும் அறை, நம்பர் சீட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள். தரையைப் பார்த்ததுமே எவனோ அவசரக்காரன் பதித்தது என்று தெரிந்தது; மூன்று டைல்ஸ் உள்ளே காலியாக இருந்து நடக்கும்போது டொக் டொக்கென்றது. அவள் முறை வந்தபோது கண்ணாடி போட்ட அதிகாரி மனுவைப் படித்துவிட்டு ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது இப்படி வந்து அழுவார்கள் போலிருக்கிறது, அந்தச் சலிப்பு முகத்தில் இருந்தது.

"வாங்கிட்டு வாங்கலைன்னு சொல்றவங்களும் இருக்காங்கம்மா. விண்ணப்பத்துல உங்க போட்டோ இருக்கு, அட்டை நகல் இருக்கு, கையெழுத்து இருக்கு."

"என் கையெழுத்து இப்படி இருக்காது சார். நான் முழுப் பேரு எழுத மாட்டேன்."

"ஒரே ஆள் ரெண்டு விதமாப் போடறதுண்டு. சரி, அதை விடுங்க. ரேகை வச்சிருக்கீங்களே? அதுக்கு என்ன சொல்றீங்க?"

கோப்பைத் திருப்பிக் காட்டினார். தாளின் அடியில் ஊதா மையில் இடது பெருவிரல் ரேகை. சுழி சுழியாக, கோடு கோடாக, அச்சடித்த மாதிரி அத்தனை தெளிவு. அதைப் பார்த்ததும் ரசமட்டத்துக்கு நேற்றிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கனம் சட்டென்று இறங்கிவிட்டது. சிரிப்பே வந்துவிட்டது.

"சார், அந்த மை டப்பாவைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க."

அவர் தயங்கித் தயங்கித் தள்ளினார். அவள் இடது பெருவிரலை மையில் உருட்டி, அவரிடம் கொடுத்த மனுவின் பின்பக்கத்தில் அழுத்தி எடுத்தாள். காகிதத்தில் நீள்வட்டமாக ஒரு ஊதாக் கறை விழுந்தது. சுழி இல்லை, கோடு இல்லை, கூழாங்கல்லை மையில் தோய்த்து வைத்த மாதிரி வழவழவென்று ஒரு கறை. வலது பெருவிரலையும் வைத்தாள். அதுவும் அதே.

"இருபத்திரண்டு வருஷமா சிமெண்ட்ல கிடக்கிற கை சார் இது. ரேகையெல்லாம் என்னிக்கோ தரையோட போயிடுச்சு. அட்டை எடுக்கப் போனப்பவே மூணு தடவை மெஷின் என்னை ஆளே இல்லேன்னு சொல்லுச்சு. கடைசியில அதிகாரி கடிதம் எழுதித்தான் அட்டை குடுத்தாங்க. இவ்வளவு அழகான ரேகை எனக்கு இருந்தா நான் எதுக்கு அலையறேன்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு என்ன நினைத்தாரோ, தன் பெருவிரலையும் மையில் வைத்து அவள் கறைக்குப் பக்கத்தில் அழுத்திப் பார்த்தார். அவருடையது கோடு கோடாக விழுந்தது. மூன்றையும் மாறி மாறிப் பார்த்தார். "உக்காருங்கம்மா," என்றார். அதுவரை அவள் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

மேனேஜர் வந்தார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார்.

"எத்தனை நாள்ல சார்?"

"பாப்போம்மா."

"பாப்போம்னு ஒரு நாள் காலண்டர்ல இல்லையே சார். தேதி போட்டுக் குடுங்க. இந்த ரேகைத் தாளையும் கோப்புல சேத்ததா எழுதுங்க. அப்புறம் அந்த விண்ணப்பத்துக்கு எனக்கு ஒரு நகல் வேணும்."

மனுவுக்கு ஒரு எண் போட்டு, முப்பது நாள் என்று எழுதினார். சீல், தேதி, கையெழுத்து. மூன்றும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

படிக்கட்டில் இறங்கும்போது நகலைப் புரட்டியவள் பாதிப் படியில் நின்றுவிட்டாள். விண்ணப்பத்தோடு வைத்திருந்த அட்டை நகலில், வலது மூலையில் திட்டாக ஒரு வெள்ளைக் கறை தெரிந்தது. அது அவளுக்குத் தெரிந்த கறை. வெள்ளை சிமெண்ட். டைல்ஸ் இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்த ஒருநாள் சட்டைப் பையில் இருந்த அட்டை மேல் சொட்டியது. அன்று சாயங்காலமே வீட்டில் உட்கார்ந்து நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டாள். அப்படியென்றால் அந்தக் கறையோடு அட்டையைப் பார்த்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அன்று மத்தியானம் கழுத்தில் டை கட்டிக்கொண்டு வந்து, கட்டட வேலைக்காரர்களுக்கு விபத்துக் காப்பீடு, இந்த வாரம் சேர்ந்தால் முதல் வருஷம் இலவசம் என்று சிரிக்கச் சிரிக்கப் பேசினவர். டைல்ஸ் பெட்டிமேல் அட்டைகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றாக. அன்று வரிசையில் பதினொரு அட்டைகள் இருந்தன.

போலீஸ் நிலையத்தில் முதலில் கடன் கம்பெனிக்குப் போகச் சொன்னார்கள். "அங்கதான் சார் மொதல்ல போனேன்," என்று சீலைக் காட்டினாள். சைபர் பிரிவு வேறு இடம் என்றார்கள். "அந்த இடத்துப் பேரை எழுதிக் குடுங்க, இங்க வந்தேன்னு ஒரு வரியும் எழுதுங்க," என்றாள். எழுதிக் கொடுப்பதைவிடப் புகாரை வாங்கிக்கொள்வது சுலபம் என்று அங்கே இருந்தவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு எண் கொடுத்தார். கடன் பதிவு வைத்திருக்கிற நிறுவனம், இந்தக் கடன் விசாரணையில் இருக்கிறது என்று அவள் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டது. இனி அவளுக்குத் தகவல் போகாமல் அவள் பெயரில் யாரும் புதுக் கடன் எடுக்க முடியாதபடி பூட்டும் போட்டது. கைப்பேசிக் கடையில் கேட்டதில் அவள் அட்டையை வைத்து இரண்டு எண்கள் வாங்கியிருந்தார்கள். இரண்டையும் எழுதிக் கொடுத்து நிறுத்தினாள்.

மூன்றாம் நாள் ஏழாவது மாடியில் முழங்காலிட்டுப் பதித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தேன் மாதிரி ஒரு பெண் குரல்.

"மேடம், உங்க பேர்ல தப்பா ஒரு கடன் விழுந்திருக்கில்ல? நாங்க தலைமை அலுவலகத்துலேருந்து பேசறோம். இன்னிக்கே சுத்தம் பண்ணிடலாம். இப்ப உங்களுக்கு ஒரு ஓடிபி வரும், அதை மட்டும் சொல்லுங்க."

ஒரு கணம் அவள் மனசு தடுமாறியது உண்மை. இன்றைக்கே முடிந்துவிடும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? பிறகு கரணையைக் கீழே வைத்தாள்.

"என் மனுவுக்கு உங்க ஆபீஸ்ல ஒரு எண் போட்டாங்களே, அதை நீங்க மொதல்ல சொல்லுங்க. அப்புறம் நான் சொல்றேன்."

"அது சிஸ்டத்துல வரல மேடம்..."

"என் போன் நம்பர் வருது, மனு நம்பர் வரலையா? சரி, நானே ஆபீஸுக்கு நேர்ல வர்றேன். நீங்க எந்த மேஜைன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள். அந்த எண்ணையும், பேசின நேரத்தையும் டைல்ஸ் பெட்டி அட்டையில் எழுதிக் கிழித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுநாள் அது புகாரோடு சேர்ந்தது.

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அன்று வரிசையில் அட்டை கொடுத்த மற்றப் பத்துப் பேரையும் ஆறாவது மாடியில் உட்கார வைத்தாள். நாத்தனாரும் வந்திருந்தாள். புழுதிக்கு மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு, சிமெண்ட் மூட்டைமேல் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் அவரவர் போனிலேயே அவரவர் கடன் பதிவைத் திறந்து பார்க்க வைத்தாள். எலக்ட்ரீஷியன் பெயரில் அதே கம்பெனியின் கடன் ஒன்று இருந்தது. கிண்டலெல்லாம் எங்கே போயிற்றோ, திரையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்த்தார். பிளம்பர் பெயரில் ஒன்று, காவலாளி பெயரில் ஒன்று. நான்காவது, பெயிண்டர் பெயரில்.

பெயிண்டர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எல்லோருக்கும் ஆச்சரியமாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எனக்குத் தெரியும். அஞ்சு மாசமா கட்டிட்டு வர்றேன்."

"வாங்காத கடனையா?" என்றாள் ரசமட்டம்.

"என் வீட்டுக்காரிதான் என் அட்டையை எடுத்துக் குடுத்து வாங்கியிருக்கான்னு நினைச்சேன். அவங்க அம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சு அந்தச் சமயத்துல. கேட்டா சங்கடப்படுவாளேன்னு கேக்கல. ஆனா என்கிட்டச் சொல்லாமச் செஞ்சுட்டாளேன்னு... அன்னியிலேருந்து வீட்டுல சரியாப் பேசறதும் இல்ல."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எப்படிக்கா கேக்கறது?"

"வாயாலதான். எடுங்க போனை."

பெயிண்டர் அவசரத்தில் அழுத்தியதில் போன் சத்தமாகப் பேசுகிற பொத்தானும் சேர்ந்து அமுங்கிவிட்டது. அவர் தட்டுத் தடுமாறிக் கேட்டு முடிப்பதற்குள் அந்தப் பக்கம் வெடித்தது.

"என்னது, நான் வாங்கினேனா? மாசா மாசம் உங்க பேருக்குக் கடுதாசி வருது, நீங்க ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறீங்க. எதுக்கு வாங்கினாரோ, கேட்டா மனசு நோகுமேன்னு நான் அஞ்சு மாசமா வாயை மூடிக்கிட்டு இருக்கேன்! என்கிட்டயா கேக்கறீங்க?"

முதலில் பிளம்பர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். பெயிண்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "சாயங்காலம் சீக்கிரம் வர்றேன்," என்று போனில் சொன்னார். "வாங்க, வாங்க, உங்களுக்கு இருக்கு," என்றது போன். நாத்தனார்கூட முந்தானையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டாள்.

திங்கட்கிழமை ஐந்து பேரும் சேர்ந்து கடன் கம்பெனிக்குப் போனார்கள். தனியாக வந்தவளை நிற்க வைத்த அதிகாரி, ஐந்து பேரைப் பார்த்ததும் எழுந்தே நின்றார். ஐந்து கோப்புகளையும் வரவழைத்து மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஐந்து விதமான பெயர்கள், ஐந்து விதமான கையெழுத்துகள். ஐந்திலும் அடியில் ஒரே பெருவிரல். அதே சுழி, சுழியின் நடுவில் குறுக்காக அதே சின்ன வெட்டுத் தழும்பு. ரேகை ஒரு சடங்கு, யார் உற்றுப் பார்க்கப் போகிறார்கள் என்று, அட்டைகளைப் படம் எடுத்துப் போன டைக்காரர் தன் விரலையே ஐந்திலும் வைத்துவிட்டுப் போயிருந்தார். ஐந்தையும் பார்த்து அனுமதி கொடுத்த ஊழியர் ஒருவர் அன்று மத்தியானத்திலிருந்து இருக்கையில் இல்லை.

எல்லாம் ஒரே நாளில் நேராகிவிடவில்லை. ரசமட்டத்தின் பெயரிலிருந்து கடனை நீக்கிவிட்டதாகக் கடிதம் இருபத்தாறாம் நாள் வந்தது. கணவர் அதை மூன்று தடவை படித்தார். அந்த வாரமே மெஷின் வீட்டுக்கு வந்தது. கடைக்காரர் தானே வண்டியில் ஏற்றி அனுப்பினார். பெயிண்டருக்குக் கட்டிய பணம் திரும்பி வர நான்கு மாதமும் ஏழு நடையும் ஆயிற்று. டைக்காரரை இன்னொரு ஊரில், இன்னொரு கட்டடத்தில், இன்னொரு வரிசை அட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. காவலாளியின் பதிவு மட்டும் இன்றுவரை சரியாகவில்லை. கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்ப் போய்த் திரும்புகிறது. அவருக்காக நாத்தனார் எழுதுகிற மனு இப்போது நான்காவது.

அந்த மனுக்களை இப்போது அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறார்கள். ஒருநாள் எழுதிக்கொண்டே இருந்த நாத்தனார் பேனாவை நிறுத்தி, "அன்னிக்கு உங்க தம்பியைப் பத்திக் கேட்டேன்ல அண்ணி, கேட்டிருக்கக் கூடாது," என்றாள்.

"நேரா என்கிட்டயே கேட்ட. அது போதும்," என்றாள் ரசமட்டம். "விலாசத்துல கதவு நம்பரை விட்டுட்ட பாரு."

இப்போது அவள் வேலை செய்வது கட்டிக்கொண்டிருக்கிற ஒரு ஆஸ்பத்திரியில். போன மாதம் எல்லோருக்கும் சம்பளக் கணக்குத் திறக்க வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். அட்டை நகல் கேட்டார்.

"மொதல்ல உங்க அட்டையைக் காட்டுங்க சார்," என்றாள் ரசமட்டம்.

அவர் காட்டினார். சந்தேகம் இருந்தால் இந்த எண்ணுக்குப் பேசிப் பாருங்கள் என்று ஒரு எண்ணையும் கொடுத்தார். அவள் அந்த எண்ணுக்குப் பேசவில்லை. வங்கியின் எண்ணைத் தானே தேடி எடுத்து, கிளையைப் பிடித்து, இன்னார் இந்த அடையாளத்தில் வந்திருக்கிறார், உங்கள் ஆள்தானா என்று கேட்டாள். அவர்கள் தேடிச் சொல்ல இருபது நிமிஷம் ஆயிற்று. அதுவரை மனிதர் வெயிலில் ஜல்லிக் குவியல் பக்கத்தில் நின்றார். அவர்களுடைய ஆள்தான்.

"கோவிச்சுக்காதீங்க சார். தண்ணி குடிங்க," என்று பாட்டிலை நீட்டினாள். பிறகு தன் அட்டை நகலை எடுத்து, முகத்துக்கும் எண்ணுக்கும் குறுக்காக, 'சம்பளக் கணக்குத் திறக்க மட்டும்' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற கம்பி கட்டுகிறவர் பேனாவை வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் இருந்தவர் எட்டிப் பார்த்து, மட்டும் என்பதற்கு எத்தனை 'ட' என்று கேட்டார்.

"இப்படி ஆளாளுக்கு எழுதிக் குடுத்து நான் பாத்ததே இல்லம்மா," என்றார் வங்கிக்காரர்.

"நாங்க முப்பத்தி நாலு பேர் இருக்கோம் சார்," என்றாள் அவள். "கொஞ்சம் நேரமாகும். நிழலுக்கு வந்துடுங்க."